பிரேக் பெடல் இறங்கினால் காற்றுதான் காரணமா?

பழைய காரின் பிரேக் பெடல் வழக்கமான இடத்தில் பிடிக்காமல் தரையை நோக்கி இறங்கினால், பெரும்பாலான ஒர்க்‌ஷாப்புகளில் சொல்லப்படும் காரணம் ஒன்றே: லைனில் ஏர் ஏறிவிட்டது. அதற்கான வைத்தியமும் ஒன்றே: நிப்பிளைத் திறந்து ஏர் எடுப்பது. ஒருவர் உள்ளே உட்கார்ந்து பெடலை மிதிப்பார். இன்னொருவர் சக்கரத்தடியில் குனிந்து நிப்பிளைத் திறந்து மூடுவார். அரை மணி நேரத்தில் வண்டி வெளியே போய்விடும். சில நாளில் அதே குறையோடு திரும்பி வரும். மறுபடியும் ஏர் எடுக்கப்படும். அம்பாசடர், பிரிமியர் பத்மினி, இலங்கையில் இன்னும் ஓடும் மோரிஸ் மைனர் போன்ற வண்டிகளில், அதாவது நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக் உள்ள பழைய கார்களில், இந்தச் சுற்று ஓயாமல் நடக்கிறது. உயிர் நம்பியிருக்கும் ஓர் அமைப்பை இப்படி ஊகத்தில் கையாளுவது ஆபத்து. காற்று ஒரு காரணம் என்பதில் ஐயமில்லை. பெடல் இறங்கினாலே காற்று என்பதும், ஏர் எடுத்தால் தீர்ந்துவிடும் என்பதும்தான் தவறு. அந்தக் கூற்றுக்கு முட்டுக்கொடுக்கும் வாதங்களை ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

முதல் வாதம்: ‘பெடல் கீழே போகிறது, காற்றைத் தவிர வேறு என்ன இருக்க முடியும்?’ இதில் இரண்டு வேறு அறிகுறிகள் ஒன்றாகக் குழப்பப்படுகின்றன. பெடல் எவ்வளவு தூரம் போன பிறகு பிடிக்கிறது என்பது ஒன்று. பிடித்த பிறகு காலுக்கு இறுக்கமாக நிற்கிறதா, மெத்தென்று அமுங்கிக்கொண்டே போகிறதா என்பது மற்றொன்று. காற்று அமுங்கக்கூடியது, ஆகவே அது பெடலை மெத்தென்று ஆக்கும், கூடவே கீழேயும் இறக்கும். ஆனால் கீழே போய், அங்கே கல்லைப் போல் இறுகி நிற்கும் பெடலுக்குக் காற்று பொறுப்பல்ல. அங்கே பிரேக் ஷூவுக்கும் டிரம்முக்கும் நடுவே இடைவெளி கூடிவிட்டது என்பதே முதல் சந்தேகமாக இருக்க வேண்டும்.

கணக்குப் போட்டால் இது தெளிவாகும். பெடல் இயக்கும் மாஸ்டர் சிலிண்டரின் உள்விட்டம் முக்கால் அங்குலம், அதாவது சுமார் 19 மில்லிமீட்டர் என்று கொள்வோம். பெடலின் நெம்பு விகிதம் ஐந்துக்கு ஒன்று. அதாவது மாஸ்டர் சிலிண்டர் பிஸ்டன் 1 மில்லிமீட்டர் நகர, பெடல் 5 மில்லிமீட்டர் இறங்க வேண்டும். நான்கு டிரம்களிலும் சேர்த்து 8 வீல் சிலிண்டர் பிஸ்டன்கள். அவையும் அதே விட்டம். ஷூவின் லைனிங் தேய்ந்து ஒவ்வொரு பிஸ்டனும் கூடுதலாக அரை மில்லிமீட்டர் வெளியே வர வேண்டியிருந்தால், மாஸ்டர் சிலிண்டர் பிஸ்டன் 4 மில்லிமீட்டர் கூடுதலாக ஓட வேண்டும். பெடலில் அது 20 மில்லிமீட்டர். கூடுதல் ஓட்டம் 1 மில்லிமீட்டரானால் பெடலில் 40 மில்லிமீட்டர். ஒரு சொட்டுக் காற்றும் இல்லாத லைனில், தேய்மானம் மட்டுமே பெடலை இவ்வளவு இறக்கிவிடும். அதே அளவுகளில் 1 கன சென்டிமீட்டர் காற்று இருந்தால் பெடல் ஏறத்தாழ 17 மில்லிமீட்டர்தான் கூடுதலாக இறங்கும். அப்படியிருக்க, ஷூ அட்ஜஸ்ட்மென்டைத் தொட்டும் பார்க்காமல் நிப்பிளில் ஸ்பேனரை வைப்பது, பெரிய காரணத்தை விட்டுவிட்டுச் சிறியதைத் தேடுவதாகும்.

டிஸ்க் பிரேக்கில் இந்தத் தொல்லை குறைவு. பேட் தேயத் தேய பிஸ்டன் தானாகவே வெளியே வந்து நின்றுகொள்ளும். பழைய டிரம்களில் அந்த வசதி இல்லை. அட்ஜஸ்டரைக் கையால் திருப்பித்தான் இடைவெளியைக் குறைக்க வேண்டும். தானாகச் சரிசெய்துகொள்ளும் டிரம்களிலும், துருவும் பிரேக் தூசியும் ஏறி அட்ஜஸ்டர் இறுகிப்போனால் பழைய நிலைதான்.

இரண்டாவது வாதம் அனுபவத்திலிருந்து வருகிறது: ‘இரண்டு தடவை பம்ப் பண்ணினால் பெடல் மேலே வருகிறது, அதனால் காற்றுதான்.’ பம்ப் செய்தால் மேலே வருவது காற்றுக்கு மட்டும் உரிய அடையாளமில்லை. காலைச் சட்டென்று எடுக்கும்போது மாஸ்டர் சிலிண்டர் பிஸ்டன் ஸ்பிரிங்கால் வேகமாகப் பின்னே வருகிறது; சக்கரங்களிலிருந்து பிரேக் ஆயில் அந்த வேகத்தில் திரும்புவதில்லை. அந்தக் குறையை நிரப்ப டேங்கிலிருந்து ஆயில் ரப்பர் கப்பின் ஓரத்தைத் தாண்டி முன்னறைக்குள் வருகிறது. அடுத்த மிதியில் அந்தக் கூடுதல் ஆயிலும் சேர்ந்து தள்ளப்படுவதால் ஷூக்கள் டிரம்மை முன்னதாகவே தொடுகின்றன. இடைவெளி கூடியிருந்தாலும் இப்படித்தான் நடக்கும். காற்று இருந்தாலும் இப்படித்தான் நடக்கும். வேறுபாடு மேலே வந்த பெடலின் தன்மையில் இருக்கிறது. மேலே வந்து இறுகி நின்றால் அட்ஜஸ்ட்மென்ட் குறை. மேலே வந்தும் ஸ்பிரிங்கைப் போல் துள்ளினால் காற்று, அல்லது ஊதிப் பருக்கும் ஹோஸ். மேலே வந்து, காலை அழுத்திவைத்திருக்கும்போதே மெல்ல மெல்ல இறங்கினால் மாஸ்டர் சிலிண்டர் அல்லது கசிவு. எந்தக் கருவியும் இல்லாமல், நின்ற வண்டியில் ஒரு நிமிடத்தில் செய்துவிடக்கூடிய இந்தச் சோதனையைத் தவிர்ப்பதற்கு நியாயமே கிடையாது.

இடைவெளிதான் காரணமா என்று உறுதிசெய்ய இன்னொரு எளிய வழியும் உண்டு. ஹேண்ட்பிரேக்கைப் பாதி இழுத்துவைத்து, பெடலை மிதித்துப் பார்க்க வேண்டும். முன்பைவிட உயரத்தில் பிடித்தால் பின்சக்கர ஷூக்கள் தளர்ந்திருக்கின்றன. இந்தச் சோதனையையே வைத்தியமாக்கி, ஹேண்ட்பிரேக் கேபிளை இறுக்கிப் பெடலை உயர்த்துவோர் இருக்கிறார்கள். அது குறையை மறைக்கும் வேலை. கேபிள் ஷூக்களை எந்நேரமும் கொஞ்சம் விரித்தே வைத்திருக்கும், அவை தம் இருப்பிடத்துக்குத் திரும்பி அமராது, டிரம் சூடாகும், தானியங்கி அட்ஜஸ்டர் இருந்தால் அதுவும் வேலை செய்யாமல் போகும். முதலில் ஷூ அட்ஜஸ்ட்மென்ட், பிறகே கேபிள் என்ற வரிசையை மாற்றக் கூடாது.

காற்றே காரணமாக இருக்கும்போதும் ஏர் எடுப்பது மட்டும் போதாது. டிரம் பிரேக் வண்டிகளின் மாஸ்டர் சிலிண்டர் வாயில் ஒரு சிறிய வால்வு இருப்பதுண்டு. காலை எடுத்த பிறகும் லைனில் சிறிதளவு அழுத்தத்தை விட்டுவைப்பது அதன் வேலை. அந்த அழுத்தம்தான் வீல் சிலிண்டர் கப்புகளைச் சுவரோடு ஒட்டவைக்கிறது. ரப்பர் கிட் மாற்றும்போது இந்த வால்வை விட்டுவிட்டாலோ, அது பழுதானாலோ, ஒவ்வொரு முறை காலை எடுக்கும்போதும் கப்பின் ஓரம் தளர்ந்து வெளிக்காற்றை உள்ளே இழுக்கலாம். இங்கே லைனில் காற்று உண்மையிலேயே இருக்கும். ஏர் எடுத்தால் உண்மையிலேயே வெளியேறும். மறுநாளே திரும்பியும் வரும். மூடிய அமைப்பில் காற்று தானாகப் பிறப்பதில்லை. குமிழி வந்தால் ‘எடுத்தாயிற்று’ என்று எழுந்துவிடாமல், எந்த வழியாக வந்தது என்று கேட்பதில்தான் பழுதுபார்ப்பு தொடங்குகிறது.

மூன்றாவது வாதம் மாஸ்டர் சிலிண்டரைக் காப்பாற்றுவது: ‘எங்கேயும் ஒழுகவில்லை, டேங்கில் ஆயில் குறையவில்லை, மாஸ்டர் சிலிண்டர் நன்றாகத்தான் இருக்கிறது.’ பழைய வண்டிகளில் மிக ஆபத்தான தவறு இதுதான். மாஸ்டர் சிலிண்டர் வெளியே ஒழுகாமலேயே பழுதாகலாம். முன்கப் தேய்ந்தாலோ சிலிண்டர் சுவரில் துருக்குழி விழுந்தாலோ, அழுத்தப்பட்ட ஆயில் கப்பைத் தாண்டிப் பின்னே போய் டேங்குக்கே திரும்பிவிடும். ஒரு சொட்டும் கீழே விழாது, அளவும் மாறாது, பெடல் மட்டும் இறங்கும்.

இந்தக் குறை பலமாக மிதித்தால் ஒளிந்துகொள்ளும் இயல்புடையது. அழுத்தம் கூடும்போது கப்பின் ஓரம் விரிந்து சுவரில் நன்றாக ஒட்டிக்கொள்ளும், பெடல் நிற்கும். லேசாக மிதித்தால் ஓரம் ஒட்டாது, ஆயில் நழுவும். சிக்னலில் காலை லேசாக வைத்துக் காத்திருக்கும்போது பெடல் தானாக இறங்குவதும், மெக்கானிக் ஓங்கி மிதித்துப் பார்க்கும்போது சரியாக இருப்பதும் இதனால்தான். ஆகவே சோதிக்கும்போது இரண்டு விதமாகவும் மிதிக்க வேண்டும்: ஒரு முறை பலமாக, ஒரு முறை மென்மையாக, ஒவ்வொன்றையும் ஒரு நிமிடமாவது பிடித்துவைத்து. இன்னும் ஐயம் இருந்தால், மாஸ்டர் சிலிண்டரிலிருந்து வெளியேறும் பைப்பைக் கழற்றி, அந்த வாயைச் சரியான மரையுள்ள அடைப்புப் போல்ட்டால் மூடிவிட்டு மிதித்துப் பார்க்க வேண்டும். பெடல் மேலேயே இறுகி நின்றால் மாஸ்டர் சிலிண்டர் குற்றமற்றது. குறை அதற்கு அப்பால் இருக்கிறது. அப்போதும் இறங்கினால் சக்கரங்களைத் தொட வேண்டிய அவசியமே இல்லை.

‘ஒழுகவில்லை’ என்பதையும் எளிதில் நம்பக் கூடாது. வீல் சிலிண்டரின் தூசி மூடி ரப்பரை விரலால் விலக்கிப் பார்த்தால், உள்ளே ஈரம் தேங்கியிருப்பது தெரியும். அது இன்னும் டிரம்முக்கு வெளியே வந்திருக்காது. மிதிக்கு வலுவூட்டும் பூஸ்டர் உள்ள வண்டியில் மாஸ்டர் சிலிண்டரின் பின்சீல் போனால் ஆயில் பூஸ்டருக்குள் இறங்கிவிடும். தரையில் தடயம் இருக்காது. மோரிஸ் மைனரில் மாஸ்டர் சிலிண்டர் ஓட்டுநரின் காலடியில், தரைக்குக் கீழே சட்டத்துக்குள் இருக்கிறது; மேலிருந்து பார்ப்பவர் கண்ணில் கசிவு படாது.

இரட்டை அறை மாஸ்டர் சிலிண்டர் உள்ள வண்டியில் இன்னொரு நிலையும் உண்டு. அமெரிக்காவில் 1968 முதல் புதிய கார்களுக்குக் கட்டாயமாக்கப்பட்ட இந்த அமைப்பில், இரு தனிச் சுற்றுகளில் ஒன்று முழுதாகப் போய்விட்டாலும் மற்றது பிடிக்கும். பெடல் பாதிக்கு மேல் இறங்கி, பிறகு இறுகி நிற்கும். வண்டி நிற்கும் தூரம் நீளும். கூடவே பிரேக் எச்சரிக்கை விளக்கு எரியலாம். இதை ‘கொஞ்சம் ஏர்’ என்று சொல்லி வண்டியை அனுப்புவது, மிஞ்சியிருக்கும் ஒரே சுற்றை நம்பி ஆளை ரோட்டில் விடுவதாகும்.

நான்காவது வாதம்தான் இந்த நம்பிக்கையை உயிரோடு வைத்திருக்கிறது: ‘ஏர் எடுத்த பிறகு சரியாகிவிட்டதே!’ சரியானதற்குக் காரணம் காற்று வெளியேறியதுதான் என்று அதிலிருந்து முடிவாகாது. ஏர் எடுக்கும்போது பழைய ஆயில் வெளியேறிப் புதிய ஆயில் வருகிறது. பல வேளைகளில் வேலை செய்தது அந்த மாற்றம்தான்.

மலைச்சாலையில் இது நன்றாகத் தெரியும். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது; ஈரம் ஏற ஏற அதன் கொதிநிலை விழும். புதிய டாட் 3 ஆயில் குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்கக் கூடாது என்பது தர விதி. 3.7 சதவீத நீர் கலந்த நிலையில் அந்த வரம்பு 140 டிகிரிக்கு இறங்குகிறது. டாட் 4 ஆயிலில் இவை முறையே 230, 155 டிகிரி. பல வருடம் மாற்றப்படாத ஆயிலோடு ஒரு கார் கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் அல்லது ஊட்டியிலிருந்து கல்லட்டி வழியாக 36 வளைவுகளில் இறங்கினால், ஓட்டுநர் கியரைக் குறைக்காமல் பிரேக்கையே நம்பினால், சக்கரத்தருகே ஆயில் கொதித்து ஆவியாகலாம். ஆவி காற்றைப் போலவே அமுங்கும். பெடல் திடீரென்று தரைக்குப் போகும். வண்டியை நிறுத்தி ஆறவிட்டால் ஆவி மறுபடி திரவமாகும், பெடல் திரும்பும். அடிவாரத்து ஒர்க்‌ஷாப்பில் நிப்பிளைத் திறந்தால் குமிழி எதுவும் வராது. இருந்தும் ‘ஏர் எடுத்தோம்’ என்று சொல்லப்படும். கொஞ்சம் புதிய ஆயில் சேர்ந்ததால் நிலைமை சற்றுத் தேறும். லைன் முழுதும் பழைய ஆயிலே இருப்பதால், அடுத்த இறக்கத்தில் அதே ஆபத்து காத்திருக்கும். இங்கே தேவை முழு ஆயில் மாற்றம். டேங்கில் தெளிவான புது நிறம் தெரிந்தால் போதாது, நான்கு நிப்பிளிலும் தெளிவான ஆயில் வரும்வரை மாற்ற வேண்டும். புதிய ஆயிலையும் சீல் உடைக்காத டப்பாவிலிருந்துதான் ஊற்ற வேண்டும்; திறந்து மாதக்கணக்கில் அலமாரியில் கிடந்தது ஈரம் குடித்திருக்கும்.

இறக்கத்தில் இன்னொன்றும் சேர்ந்துகொள்கிறது. 230 மில்லிமீட்டர் விட்டமுள்ள வார்ப்பிரும்பு டிரம் 200 டிகிரி சூடேறினால் அதன் விட்டம் சுமார் அரை மில்லிமீட்டர் பெருகும். ஏற்கெனவே தளர்ந்திருக்கும் ஷூக்களுக்கு அந்த இடைவெளியும் சேர்ந்துவிடும்.

ஐந்தாவது வாதம்: ‘ஒரு தடவையில் போகாது, பெடலைத் தரைவரை மிதித்து மிதித்து எடுக்க வேண்டும்.’ பழைய மாஸ்டர் சிலிண்டரில் இந்த முறையே புதிய பழுதை உண்டாக்கும். அன்றாட ஓட்டத்தில் பிஸ்டன் சிலிண்டரின் முதல் பாதியைத் தாண்டுவதில்லை. அந்தப் பகுதி வழவழப்பாகத் தேய்ந்திருக்கும். அதற்கு அப்பால் வருடக்கணக்கில் அழுக்கும் துருவும் படிந்திருக்கும். தரைவரை மிதிக்கும்போது ரப்பர் கப்பின் ஓரம் முதன்முறையாக அந்தச் சொரசொரப்பில் உரசிக் கிழிகிறது. ஏர் எடுத்த அன்றே மாஸ்டர் சிலிண்டர் போய்விட்டது என்று வியப்பவர்களுக்கு விடை இதில் இருக்கிறது. பெடலுக்கு அடியில் ஒரு மரக்கட்டையை வைத்து, அது தரைக்குப் போகாமல் தடுத்துவிட்டு மெதுவாக மிதித்தால் இந்த இழப்பு நேராது. அவசரமாக அடித்து மிதிப்பதால் வேறொரு கேடும் உண்டு: ஒரே குமிழி பல நுண்குமிழிகளாக உடைந்து ஆயிலோடு கலந்து, வெளியேற மறுக்கும்.

எத்தனை முறை எடுத்தும் காற்று போகவில்லை என்றால், மிதிக்கிற பலத்தில் குறையில்லை. டிஸ்க் பிரேக் வண்டியில் காலிப்பரை இடம் வலம் மாற்றிப் பூட்டியிருந்தால் நிப்பிள் கீழ்ப்பக்கம் வந்துவிடும். காற்று மேலே தங்கும். நாள் முழுதும் மிதித்தாலும் ஆயில்தான் வரும். நிப்பிள் உச்சியில் இருக்கிறதா என்று பார்ப்பது ஒரு பார்வையில் முடியும் வேலை.

ஆறாவது வாதம் புதுப் பாகங்கள் போட்ட வண்டியைப் பற்றியது: ‘ஷூ புதுசு, கிட் புதுசு, இன்னும் மெத்தென்று இருந்தால் காற்றாகத்தான் இருக்க வேண்டும்.’ புது ஷூவே மெத்தென்ற பெடலைத் தரலாம். பழைய டிரம் பலமுறை லேத்தில் கடையப்பட்டு அகன்றிருக்கும். புது லைனிங் மூல அளவுக்கே வளைக்கப்பட்டது. இரண்டின் வளைவும் பொருந்தாததால் லைனிங்கின் நடுப்பகுதி மட்டும் தொடும். மிதிக்க மிதிக்க ஷூ வில்லாக வளைந்து விரியும். கால் அதைக் காற்றாகவே உணரும். டிரம்மைக் கழற்றினால் லைனிங்கின் நடுவே மட்டும் பளபளப்பான பட்டை, இரு முனைகளும் தீண்டப்படாமல் மங்கலாக இருக்கும். அந்தத் தடம் வாக்குமூலத்துக்கு நிகர். ஷூவை டிரம்மின் வளைவுக்கேற்ப அரைக்க வேண்டும். டிரம்மில் குறித்திருக்கும் உச்ச விட்டத்தை அது தாண்டியிருந்தால் டிரம்மையே மாற்ற வேண்டும்.

ரப்பர் ஹோஸும் இப்படியே ஏமாற்றும். வெளியே வெடிப்பில்லாமல் இருந்தாலும், உள் அடுக்குகள் தளர்ந்த ஹோஸ் அழுத்தத்தில் ஊதும். ஒருவர் பெடலை அழுத்த, மற்றவர் ஹோஸைக் கையால் பிடித்துப் பார்த்தால் விரல்களுக்குள் அது பருப்பது தெரியும். டிஸ்க் உள்ள வண்டியில் முன்சக்கர பேரிங் தளர்ந்திருந்தால், டிஸ்க் ஆடி பேடுகளைப் பின்னே தள்ளும். வளைவு திரும்பிய பிறகு முதல் மிதி மட்டும் கீழே போகும், இரண்டாவது சரியாக இருக்கும்.

பூஸ்டரின் மேல் பழி போடுவதையும் ஓரிரு வரியில் தீர்த்துவிடலாம். பூஸ்டர் பழுதானால் பெடல் கட்டையாகும், மென்மையாகாது. இன்ஜினை ஸ்டார்ட் செய்தவுடன் காலடியில் பெடல் சிறிது இறங்குவது, பூஸ்டர் வேலை செய்வதன் அடையாளம். பூஸ்டருக்கும் மாஸ்டர் சிலிண்டருக்கும் இடையிலுள்ள தள்ளுதண்டு குட்டையாக அமைந்திருந்தால் மட்டும் வெற்று ஓட்டம் கூடிப் பெடல் தாழும்.

கடைசியாக வருவது வாதமே இல்லை, கைவிரிப்பு: ‘பழைய வண்டி, பிரேக் இப்படித்தான் இருக்கும்.’ நான்கு டிரம் உள்ள வண்டியும் ஒரே மிதியில், பெடல் பாதி தூரம் போவதற்குள், இறுக்கமாகப் பிடிக்க வேண்டும். அப்படிப் பிடிக்கும் விதமாகத்தான் அது வடிவமைக்கப்பட்டது. பம்ப் செய்தால்தான் நிற்கும் வண்டி, குழந்தை குறுக்கே ஓடிவரும் நொடியில் நிற்காது.

அட்ஜஸ்ட் செய்வதும் முறையாக நடக்க வேண்டும். சக்கரத்தைத் தூக்கி நிறுத்தி, ஹேண்ட்பிரேக்கை முழுதும் விட்டு, சக்கரம் சுழலாமல் பிடிக்கும்வரை அட்ஜஸ்டரை இறுக்க வேண்டும். பிறகு பெடலை ஒரு முறை பலமாக மிதித்தால் ஷூக்கள் டிரம்முக்குள் நடுவாக அமரும். சக்கரம் மறுபடி தளர்ந்தால் இன்னும் இறுக்கி, அதன்பின் லேசான உரசல் மட்டும் கேட்கும்வரை பின்னே திருப்ப வேண்டும். நான்கு சக்கரத்துக்கும் இதைச் செய்த பிறகு பெடலை மிதித்துப் பார்த்தால், மிச்சம் இருக்கும் குறை எது என்று கால் சொல்லிவிடும். அப்போதும் துள்ளல் இருந்தால்தான் ஏர் எடுக்கும் வேலை. அதுவும் காற்று நுழைந்த வழியை அடைத்த பிறகு. புது ஷூ போட்ட வண்டியில் லைனிங் சில நூறு கிலோமீட்டர் ஓடி டிரம்மோடு படியும். அப்போது இடைவெளி மறுபடி கூடுவதால் அட்ஜஸ்டரை இன்னொரு முறை திருப்ப வேண்டியிருக்கும்.